அரிய சுரப்பிப் புற்றுநோய்கள்: யாருக்கு, எங்கே, ஏன் கூடுதல்?

"நம்ம கடற்கரையில கேன்சர் கூடுதலாக்கும், எல்லாம் இந்த மணலாலதான்" என்ற பேச்சைக் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் முட்டம் முதல் நீரோடி வரை எந்த ஊரிலும் கேட்கலாம். பேச்சு தைராய்டுப் புற்றுநோயைப் பற்றியதாக இருந்தால் உறுதி இன்னும் கூடிவிடும். ஒரே தெருவில் இரண்டு மூன்று பெண்களுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும். அதுவே போதிய சான்றாகக் கொள்ளப்படும். கதிர்வீச்சை உமிழும் இந்த மணலைக் காரணம் காட்டுபவர்களும் சரி, "அப்படியொன்றும் இல்லை" என்று ஒரே வரியில் மறுப்பவர்களும் சரி, பெரும்பாலும் ஒரு கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஓர் இடத்தில் ஒரு நோய் கூடுதலாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? யாரை எண்ணினோம், எத்தனை பேரில் எண்ணினோம், எந்தச் சோதனையால் கண்டுபிடித்தோம் என்பவை தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை முதன்முறையாக வாசிப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எந்தச் சுரப்பிகள், எந்தப் புற்றுநோய்கள்

தாம் சுரக்கும் ஹார்மோனைக் குழாய் எதுவும் இல்லாமல் நேரடியாக இரத்தத்தில் கலக்கும் உறுப்புகளை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். கழுத்தின் முன்புறத்தில் தைராய்டும், அதன் பின்புறத்தில் ஒட்டியபடி இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்கும் நான்கு சிறிய பாராதைராய்டுகளும், சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் சுரப்பிகளும் இருக்கின்றன. இவற்றில் தோன்றும் புற்றுநோய்கள்தாம் இங்கே நம் பொருள். தைராய்டு சுரப்பு குறைந்து காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை எடுப்பது முற்றிலும் வேறு நோய். அது புற்றுநோயும் அன்று, புற்றுநோயின் முதல் படியும் அன்று.

ஐரோப்பிய வரையறையின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகத் தோன்றும் புற்றுநோய் அரிய புற்றுநோய் ஆகும். அட்ரினலின் வெளியடுக்கில் தோன்றும் புற்றுநோய் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. பாராதைராய்டுப் புற்றுநோய் அதைவிடவும் அரிது. தைராய்டுப் புற்றுநோயின் நிலை சற்றுச் சிக்கலானது. பாப்பிலரி, ஃபாலிகுலர், மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் என்று அதில் நான்கு முக்கிய வகைகள் உண்டு. பெரும்பான்மையானது மெதுவாக வளரும் பாப்பிலரி வகை. பல நாடுகளில் பெண்களிடையே அதை அரிது என்றே சொல்ல முடியாது. மெடுல்லரியும் அனாபிளாஸ்டிக்கும் உண்மையிலேயே அரியவை. "தைராய்டு கேன்சர் கூடியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், எந்த வகை என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. நான்கும் வெவ்வேறு வயதினரை, வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு கடுமையுடன் தாக்குகின்றன.

எண்ணிக்கை வேறு, வீதம் வேறு

ஓர் ஆண்டில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையை அங்கு வாழும் மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வது நிகழ்வு வீதம். நோயுடனோ நோயிலிருந்து மீண்டோ உயிர்வாழும் அனைவரையும் சேர்த்து எண்ணுவது இருப்பு வீதம். பாப்பிலரி வகையில் பெரும்பாலானோர் சிகிச்சைக்குப்பின் பல்லாண்டுகள் நலமாக வாழ்கிறார்கள். இருபது ஆண்டுகளில் நோய் கண்டவர்கள் எல்லோரும் கண்முன் நடமாடும்போது, அவர்களை ஒரே ஆண்டின் கணக்காக மனம் எடுத்துக்கொள்கிறது. தெருவில் நாம் எண்ணுவது பெரும்பாலும் இருப்பு வீதத்தையே.

யாரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதும் நம் மாவட்டத்துக்கு முக்கியமான கேள்வி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்பவர்களும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, நம் மக்கள் சொல்வதுபோல் ஆர்.சி.சி.க்கு, செல்பவர்களும் ஏராளம். ஒரு மருத்துவமனையின் பதிவேடு அங்கு வந்தவர்களை மட்டுமே காட்டும். வந்தவர்களில் பாதிப் பேர் வேறு மாவட்டத்தவராகவும் இருக்கலாம். மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவகம் வேறு விதமாக எண்ணுகிறது. சிகிச்சை எங்கே நடந்தாலும், நோயாளி எந்த மாவட்டத்தில் நிலையாக வசிக்கிறாரோ அந்த மாவட்டத்தின் கணக்கில் அவரைச் சேர்க்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் நடக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் இந்த முறையில்தான் இயங்குகிறது. மருத்துவமனைச் சீட்டு எழுதும் இடத்தில், எளிதாக இருக்கட்டும் என்று திருவனந்தபுரத்தில் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்த நோயாளி மார்த்தாண்டத்தவராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடும். ஆகவே நிலையான முகவரியைச் சொல்வது நம்மால் செய்யக்கூடிய ஓர் உதவி.

வயதைச் சரிசெய்யாமல் ஒப்பிட முடியாது

பெரும்பாலான புற்றுநோய்கள் வயது ஏற ஏறக் கூடுகின்றன. செல் பிரியும்போதெல்லாம் மரபணுக்களில் சிறு பிழைகள் சேர்கின்றன. அவற்றில் சில, செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அமைந்துவிட்டால் புற்று தொடங்குகிறது. முதியோர் கூடுதலாக உள்ள ஊரில் புற்றுநோயாளிகளும் கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோய் 60 வயதுக்குக் கீழ் லட்சத்தில் 5 பேருக்கும், அதற்கு மேல் லட்சத்தில் 20 பேருக்கும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதியோர் 10 விழுக்காடு உள்ள ஊரில் மொத்த வீதம் 6.5 ஆகும். முதியோர் 20 விழுக்காடு உள்ள ஊரில் அது 8 ஆகும். இரண்டு ஊர்களிலும் ஒரே வயதுக்காரருக்கு உள்ள ஆபத்து ஒன்றேதான். ஆனாலும் இரண்டாவது ஊரில் நோய் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதலாகத் தோன்றுகிறது. இந்தத் தோற்றத்தை நீக்குவதற்காக, இரண்டு ஊர்களின் வயதுவாரி வீதங்களையும் பொதுவான ஒரு மக்கள்தொகை அமைப்பில் பொருத்திக் கணக்கிடுகிறார்கள். அதற்கு வயது சரிசெய்த வீதம் என்று பெயர். பிறப்பு குறைந்து ஆயுள் நீண்ட மாவட்டம் நம்முடையது. பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் பிற மாநிலங்களுக்கும் இளையோர் பெரும் எண்ணிக்கையில் சென்றிருக்கும் மாவட்டமும்கூட. வயதைச் சரிசெய்யாத எந்த ஒப்பீட்டையும் இங்கே நம்பக்கூடாது.

எல்லா வகைகளும் முதுமையையே நாடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனாபிளாஸ்டிக் வகை பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. பாப்பிலரி வகை நடுவயதுப் பெண்களிடமும் இளம் பெண்களிடமும் கூடத் தோன்றுகிறது. அட்ரினல் வெளியடுக்குப் புற்றுநோய்க்கு இரண்டு உச்சங்கள் உண்டு: ஒன்று ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், மற்றொன்று நாற்பது, ஐம்பது வயதினர்.

சிறிய எண்கள் காட்டும் ஏற்ற இறக்கம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. பத்து லட்சத்தில் ஒருவர் அல்லது இருவர் என்ற உலகளாவிய வீதத்தை வைத்துப் பார்த்தால், அட்ரினல் வெளியடுக்குப் புற்றுநோய் இங்கே ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேருக்கு வரலாம். சராசரி மூன்று என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் மூன்று பேர் என்று ஆகிவிடாது. சூழலில் எந்த மாற்றமும் இல்லாமலே, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர்கூட இல்லாத ஆண்டு வரும்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு பேரோ அதற்கு மேலோ நோய் காணும் ஆண்டும் வரும். நிகழ்தகவுக் கணிதம் இவ்வாறே சொல்கிறது. மூன்று ஆறாகும்போது "ஒரே ஆண்டில் இரட்டிப்பு" என்று செய்தி வந்தால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது.

மாவட்டத்தையே இப்படிப் பார்க்க வேண்டியிருக்கும்போது, ஒரு ஊரையோ ஒரு தெருவையோ வைத்துப் பேசுவது இன்னும் கடினம். நூற்றுக்கணக்கான ஊர்களில் எங்காவது ஓர் ஊரில் இரண்டு மூன்று பேர் தற்செயலாகவே அமைந்துவிடுவார்கள். அந்த ஊர்தான் பேசப்படும். ஒருவரும் இல்லாத ஊர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் அரிய நோய்களை ஆராய்பவர்கள் பல ஆண்டுகளின் தரவைச் சேர்த்தும், பல மாவட்டங்களை இணைத்தும் பார்க்கிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும், வயதைச் சரிசெய்ய வேண்டும், சிறிய எண்களுக்குப் பல ஆண்டுகளின் கணக்கு வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வேறுபாடு எஞ்சினால், அது நோயின் வேறுபாடா, நோயைத் தேடும் முறையின் வேறுபாடா என்ற கேள்வி வருகிறது. தைராய்டைப் பொறுத்தவரை மிகப் பெரிய கேள்வி இதுவே.

வலைக்கண் சிறுத்தால்

குளச்சலிலிருந்து கடலுக்குப் போகும் வள்ளத்தில் பெரிய கண் உள்ள வலை இருந்தால் பெரிய மீன் மட்டுமே சிக்கும். அதே வள்ளம், அதே கடலில், நெத்திலி வலையைப் போட்டால் விரல் நீள மீன்கள் குவியும். கரையில் குவிந்ததைப் பார்த்து "கடலில் நெத்திலி திடீரென்று பெருகிவிட்டது" என்று எந்தக் கடலோரத்தவரும் சொல்ல மாட்டார். வலை மாறியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தைராய்டில் அந்தச் சிறுகண் வலை, கழுத்தில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

கையால் தடவிப் பார்க்கும்போது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த முடிச்சு பெரும்பாலும் தட்டுப்படாது. ஸ்கேன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முடிச்சையும் காட்டிவிடும். அப்படிப்பட்ட நுண்ணிய பாப்பிலரிப் புற்றுகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன? பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுச் சுரப்பிகளை மெல்லிய அடுக்குகளாக வெட்டி ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் பாப்பிலரிப் புற்று இருந்தது. வாழ்நாளில் அது அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய புற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதை மிகைக் கண்டறிதல் என்கிறார்கள்.

இது வெறும் கோட்பாடு அன்று என்பதைத் தென்கொரியா காட்டியது. அங்கே 1999இல் பொதுவான புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் சிறு தொகை கூடுதலாகக் கொடுத்தால் கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் வாய்ப்பளித்தன. 2011ஆம் ஆண்டின் தைராய்டுப் புற்றுநோய் நிகழ்வு வீதம் 1993ஆம் ஆண்டினதைப் போல் ஏறத்தாழ 15 மடங்காகியது. இறப்பு வீதமோ அப்படியே இருந்தது. உண்மையில் நோய் 15 மடங்கு பெருகியிருந்தால் இறப்பும் ஓரளவேனும் கூடியிருக்க வேண்டும். 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே இதை வெளிப்படையாகக் கண்டித்த பின் ஸ்கேன் எடுப்பது குறைந்தது. ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்கு முன்பே அறுவை செய்துகொண்டவர்களில் பலர் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டியவர்கள். சிலருக்குப் பாராதைராய்டு பாதிக்கப்பட்டுக் கால்சியம் குறைந்தது. சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

நம் மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. மக்கள் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்காதவர்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று ஸ்கேன் மையங்கள் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் மருத்துவ வசதியும் கைக்கெட்டியதே. இந்திய அளவில் பெண்களிடையே தைராய்டுப் புற்றுநோய் வீதம் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டங்களுள் திருவனந்தபுரம் ஒன்று. வசதி கூடிய இடத்தில் கண்டறிதல் கூடும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், வசதி குறைந்த ஒரு மாவட்டத்துடன் ஒப்பிட்டு "இங்கே நோய் கூடுதல்" என்று சொல்வது தவறு. எல்லா உயர்வையும் ஸ்கேன் ஒன்றாலேயே விளக்கிவிடலாம் என்று சொல்வதும் அதே அளவுக்குத் தவறு. சில நாடுகளில் பெரிய அளவுள்ள, பரவிய புற்றுகளும் ஓரளவு கூடியிருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய, கட்டியின் அளவையும் இறப்பு வீதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு ஏன் கூடுதல்

உலகெங்கும் தைராய்டுப் புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. ஆனால் இறந்தபின் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஆண், பெண் இருவரிடமும் நுண்ணிய பாப்பிலரிப் புற்று ஏறத்தாழ சம அளவிலேயே காணப்படுகிறது. உயிரைப் பறிக்கும் கடுமையான வகைகளிலும் வேறுபாடு சிறியதே. சிறிய, தீங்கு குறைந்த கட்டிகளில்தான் பெண்களின் எண்ணிக்கை பன்மடங்காகிறது. மாதவிடாய்க் கோளாறு, கருத்தரிப்பில் தாமதம், பேறுகாலம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெண்களுக்கு டி.எஸ்.எச். என்ற, தைராய்டின் செயல்பாட்டை அறியும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதில் சிறு மாறுபாடு தெரிந்தால் பல இடங்களில் ஸ்கேன் எழுதப்படுகிறது. ஸ்கேனில் முடிச்சு தெரிந்தால் ஊசிப் பரிசோதனை நடக்கிறது. அதே வயது ஆணின் கழுத்தை யாரும் அவ்வாறு பார்ப்பதில்லை. பெண்களின் உடல்தான் காரணம் என்ற முடிவுக்கு வருமுன் இந்தப் பாதையை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்களிடம் நோய் தாமதமாக, முற்றிய நிலையில் தெரியவருவதற்கும் இதுவே ஒரு காரணம்.

மணலும் கதிர்வீச்சும்

நம் மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909 முதல் அறியப்பட்டது. அதிலுள்ள தோரியம் கதிர்வீச்சை உமிழ்கிறது. கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆகவே மக்களின் அச்சம் அறியாமையிலிருந்து பிறந்தது அன்று. அதற்கு மரியாதையுடன் பதில் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சால் தைராய்டுப் புற்றுநோய் வந்ததற்கு மிகத் தெளிவான சான்று 1986ஆம் ஆண்டுச் செர்னோபில் விபத்து. அங்கே வெளியேறிய கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பால் வழியாகக் குழந்தைகளின் உடலுக்குள் சென்றது. தைராய்டு தன் ஹார்மோனைச் செய்ய அயோடினை இழுத்துச் சேமிக்கும் சுரப்பி. கதிரியக்க அயோடினையும் அது பிரித்தறியாமல் சேமித்தது. குழந்தைகளின் சுரப்பி சிறியதும் வேகமாக வளர்வதும் ஆகையால் பாதிப்பு அவர்களிடமே மிகுந்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில், விபத்தின்போது சிறார்களாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தோரிய மணல் இவ்வாறு இயங்குவதில்லை. அதன் கதிர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து, குறைந்த அளவில், உடல் முழுவதும் படுகின்றன. தைராய்டில் மட்டும் குவிவதில்லை.

இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள பகுதியில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாக அதில் தெரியவில்லை. என் பார்வையில், இது நமக்குக் கிடைத்திருக்கும் மிக உறுதியான சான்று. அதற்கும் எல்லை உண்டு: அரிய வகைகளைத் தனித்தனியே எடைபோடும் அளவுக்கு அங்கே நோயாளிகள் இல்லை; அது மணவாளக்குறிச்சியில் செய்யப்பட்டதும் அன்று. நம் கடற்கரையில் அதே கவனத்துடன் ஓர் ஆய்வு வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆய்வுக்கு முன்பே முடிவைச் சொல்லி, கழுத்து வலிக்காத பெண்களையெல்லாம் ஸ்கேனுக்கு அனுப்புவது நியாயம் அன்று.

ஊரைவிடக் குடும்பத்தைக் கேளுங்கள்

உண்மையிலேயே அரிய சுரப்பிப் புற்றுநோய்களில், எந்த ஊர் என்பதைவிட எந்தக் குடும்பம் என்பது பல வேளைகளில் கூடுதலாகச் சொல்கிறது. தென் பிரேசிலில் குழந்தைகளின் அட்ரினல் வெளியடுக்குப் புற்றுநோய் உலகின் பிற பகுதிகளைவிட 10 முதல் 15 மடங்கு கூடுதல். வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது மண்ணின் நோயாகத் தெரியும். புற்றைத் தடுக்கும் டி.பி.53 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம், பொதுவான மூதாதையர் வழியாக அங்குள்ள பல குடும்பங்களில் பரவியிருப்பதே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மெடுல்லரி வகை. தைராய்டில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் இது தோன்றுகிறது. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையாக வந்தது. ரெட் என்ற மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணம் என்று 1993இல் கண்டறிந்தார்கள். இதே மாற்றம் உள்ள சில குடும்பங்களில் அட்ரினலின் உட்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் வருகிறது. திடீர்த் தலைவலி, படபடப்பு, வியர்வை, ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். பரம்பரை நோய் என்றதும் "சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்தது" என்று வீட்டுப் பெண்கள் மேல் பழி வந்து விழுகிறது. ரெட் மாற்றத்துக்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பிரதி வந்தாலே போதும். அசலில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு சரிபாதிதான்.

ஆகவே கழுத்து அறுவை நடந்த உறவினர் ஒருவர் இருந்தால், அவருடைய நோயியல் அறிக்கையைத் தேடி எடுங்கள். பாப்பிலரி என்று இருந்தால் குடும்பத்தினர் அனைவரும் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. நெருங்கிய உறவினர் பலருக்கு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெடுல்லரி என்று இருந்தால், வயது எதுவானாலும், நோயாளிக்கு ரெட் மரபணுப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அவரிடம் மாற்றம் இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் அதே இரத்தப் பரிசோதனை தேவை. மாற்றத்தைப் பெற்ற குழந்தைகளில், மாற்றத்தின் வகையைப் பொறுத்துச் சிலருக்கு ஒரு வயதுக்குள்ளும் சிலருக்கு ஐந்து வயதுக்குள்ளும் தைராய்டை அகற்றிவிட்டால், புற்று தோன்றுமுன்பே தடுத்துவிட முடியும். மாற்றம் இல்லாத குழந்தைக்கு அந்த ஒரு பரிசோதனையே போதும். அதன் பிறகு ஆண்டுதோறும் கால்சிட்டோனின் பார்க்க வேண்டியதில்லை, அந்தக் குழந்தையின் பிள்ளைகளுக்கும் அது வழியாக இந்த நோய் வராது.